தார்க்கோவ்ஸ்கியின் 'மிரர்': பாதியில் எழுந்தவர்களும் கடைசிவரை பார்த்தவர்களும் கேட்கும் கேள்விகள்

ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி இயக்கி 1975-இல் வெளிவந்த சோவியத் படம் 'மிரர்'. ரஷ்யப் பெயர் 'ஸெர்கலோ'. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். உலக சினிமா பார்க்கத் தொடங்கும் பலர் ஏதோ ஒரு பட்டியலில் இதன் பெயரைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டு உட்கார்ந்து, இருபதாவது நிமிடத்தில் செல்போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தப் படம் யாரையும் அறிமுகம் செய்து வைப்பதில்லை. எந்த வருடம், யார் வீடு, யார் பிள்ளை என்று எதையும் சொல்வதில்லை. நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையை மறைக்கப் போவதில்லை.

கதை என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. நாலு வரியில் சொல்லிவிடலாம். அலெக்ஸேய் என்ற நடுத்தர வயதுக்காரர் மாஸ்கோவில் ஒரு ஃப்ளாட்டில் உடம்புக்கு முடியாமல் கிடக்கிறார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா மரியா தனியாக நின்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். இப்போது அலெக்ஸேயும் தன் மனைவி நதாலியாவைப் பிரிந்திருக்கிறார். மகன் இக்னாத் யாரோடு இருப்பது என்று இருவருக்கும் பேச்சு நடக்கிறது. அம்மாவோடும் அவருக்குச் சுமுகமில்லை. இந்த நிலையில் அவருக்கு நினைவில் வருவது, கனவில் வருவது, கண்ணெதிரே நடப்பது எல்லாம் கலந்து ஓடுவதுதான் படம்.

சிக்கல் எங்கே என்றால், இந்த அலெக்ஸேயின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. பெரியவராக அவர் வரும் இடங்களில் குரல் மட்டும்தான் கேட்கும் (இன்னொகென்தி ஸ்மோக்துனோவ்ஸ்கியின் குரல்). கடைசிப் பகுதியில் படுக்கையில் கிடக்கும் உடம்பும் ஒரு கையும் தெரியும், அவ்வளவுதான். கதாநாயகன் கேமராவுக்குப் பின்னாலேயே இருந்துகொண்டு நமக்குத் தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கதையை இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடாதா?

போகாது. விடிய விடியத் தெருக்கூத்து பார்க்க உட்காருபவர்களுக்குத் துரௌபதி கதை தெரியாதா என்ன?

அம்மாவும் மனைவியும் ஒரே பெண்ணா? எனக்கு அங்கேயே குழம்பிவிட்டது.

எல்லோருக்கும் அங்கேதான் குழம்புகிறது. இரண்டு பாத்திரங்களையும் நடித்திருப்பவர் ஒரே நடிகை, மார்கரிதா தெரகோவா. 1930-களின் அம்மாவும் அவரே, 1970-களின் மனைவியும் அவரே. போதாக்குறைக்கு இன்னொன்றும் இருக்கிறது. மகன் இக்னாத்தாக வரும் பையன்தான் போர்க்காலத்துச் சிறுவன் அலெக்ஸேயாகவும் வருகிறான். இருவரையும் நடித்தது இக்னாத் தனில்த்ஸெவ். அதற்கும் முந்தைய ஐந்து வயது அலெக்ஸேய் மட்டும் வேறு குழந்தை, ஃபிலிப் யான்கோவ்ஸ்கி. அப்பாவாக வரும் ஒலெக் யான்கோவ்ஸ்கியின் சொந்த மகன் அவர். வயதான அம்மாவாக வருபவர் தார்க்கோவ்ஸ்கியைப் பெற்ற அம்மா, மரியா விஷ்ன்யகோவா.

இதைக் குழப்ப வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. படமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது, கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். ஃப்ளாட்டில் நதாலியா கண்ணாடி முன்னால் நிற்கிறாள். அலெக்ஸேயின் குரல் சொல்கிறது: நீ என் அம்மா மாதிரியே இருக்கிறாய் என்று எப்போதும் சொல்லியிருக்கிறேனே. அதனால்தான் பிரிந்தோம் போலிருக்கிறது என்கிறாள் அவள். அப்புறம் அவர் இன்னும் ஒரு படி போகிறார். சின்ன வயதையும் அம்மாவையும் நினைத்தால் அம்மாவுக்கு ஏனோ எப்போதும் உன் முகம்தான் வருகிறது என்கிறார்.

படத்தின் சாவி இந்த ஒரு வசனம்தான் என்பேன். நாம் பார்க்கும் இளம் வயது அம்மா உண்மையான அம்மா இல்லை. அலெக்ஸேயின் ஞாபகத்தில் இருக்கும் அம்மா. அந்த ஞாபகத்தில் அம்மாவின் முகம் அழிந்துபோய் மனைவியின் முகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா தனக்குச் செய்ததையே தானும் மகனுக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற உறுத்தல் அவருக்கு இருக்கிறது. அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு தலைமுறைக்கும் ஒரே முகத்தைக் கொடுத்து இயக்குநர் சொல்லிவிடுகிறார்.

எந்தக் காட்சி எந்தக் காலத்தில் நடக்கிறது? கறுப்பு வெள்ளை என்றால் பழசு என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்தக் கணக்கு இந்தப் படத்தில் செல்லாது. 1930-களின் கிராமம் நல்ல கலரில் வரும். அதே வீட்டில் நடக்கும் கனவு கறுப்பு வெள்ளையில் வரும். நிறத்தை நம்பிப் போனால் தொலைந்தோம்.

நம்ப வேண்டியது வீட்டையும் பையனின் வயதையும். மரவீடு, வயல், ஐந்து வயதுப் பையன் என்றால் 1935 வாக்கில். பன்னிரண்டு வயதுப் பையன், பனி, பசி, துப்பாக்கிப் பயிற்சி என்றால் இரண்டாம் உலகப் போர். உயரமான கூரை, வெறிச்சென்ற அறைகள், டிவி, தொலைபேசி என்றால் படம் எடுக்கப்பட்ட 1970-கள். மொத்தம் இந்த மூன்று காலம்தான். கனவுகள் பெரும்பாலும் முதல் வீட்டில் நடக்கின்றன.

1935 என்ற வருடம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். படத்தின் முதல் அரை மணிக்குள் அம்மாவும் மகனும் தொலைபேசியில் பேசும் காட்சி வரும். ஆட்கள் யாரும் தெரிவதில்லை, கேமரா மட்டும் அறை அறையாக நகர்கிறது. அப்பா நம்மை விட்டுப் போனது எந்த வருடம் என்று மகன் கேட்கிறார். முப்பத்தைந்து என்கிறார் அம்மா. அந்த வைக்கோல் கொட்டகை எரிந்தது? அதுவும் முப்பத்தைந்துதான். அச்சகத்தில் தன்னோடு வேலை பார்த்த லிஸா இன்று காலை இறந்துவிட்டாள் என்று சொல்லத்தான் அம்மா கூப்பிட்டிருக்கிறார். நாம் ஏன் எப்போதும் சண்டை போட்டுக்கொள்கிறோம், என் மேல் தப்பிருந்தால் மன்னித்துக்கொள் என்று மகன் சொல்லும்போது அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஃபோன் காலில் வருடம், தீ, அப்பா போனது, அடுத்து வரப்போகும் அச்சகக் காட்சி, தாய்க்கும் மகனுக்கும் நடுவில் உள்ள விரிசல் எல்லாம் வந்துவிடுகிறது. கதையே இல்லை என்று சொல்பவர்களிடம் இந்தக் காட்சியை மட்டும் திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

டைட்டிலுக்கு முன்னால் திக்கித் திக்கிப் பேசும் பையன் வருகிறானே, அவன் அப்புறம் எங்கே போனான்?

எங்கும் போகவில்லை, அவன் கதையில் ஒரு பாத்திரமே இல்லை. இக்னாத் டிவியைப் போடுகிறான், அதில் ஓடும் நிகழ்ச்சி அது. பேச்சுச் சிகிச்சை தரும் ஒரு பெண் மனவசிய முறையில் அவன் கைகளை இறுக்கி, பிறகு தளர்த்தி, உரக்கப் பேசச் சொல்கிறாள். 'என்னால் பேச முடியும்' என்று அவன் தெளிவாகச் சொன்னதும் டைட்டில் வருகிறது. சொல்ல வராத ஒன்றைச் சொல்லப் போகிறேன் என்று இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மாதிரி எனக்குப் படும்.

வேலியில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் அம்மா, வழிதவறி வரும் டாக்டர்... இந்தக் காட்சியில் என்னதான் நடக்கிறது?

வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. வழிப்போக்கர் ஒருவர் வழி கேட்கிறார், கொஞ்சம் வழிகிறார், வேலியில் பக்கத்தில் உட்காருகிறார். வேலி முறிந்து இருவரும் விழுகிறார்கள், அவர் சிரிக்கிறார், போய்விடுகிறார். அவர் போகும்போது வயலில் ஒரு காற்று எழுந்து நம் பக்கமாக வருகிறது. அந்த டாக்டராக நடித்தவர் அனதோலி ஸொலோனிட்ஸின்.

ஆனால் காட்சி தொடங்கும்போது பின்குரல் சொல்வதைக் கேட்டால் மொத்தமும் மாறிவிடும். ரயில் நிலையத்திலிருந்து வரும் பாதையில், வயல் நடுவே ஒரு புதர் இருக்கிறது. அந்தப் புதரைத் தாண்டி வருபவர் வீட்டுப் பக்கம் திரும்பினால் அது அப்பா. திரும்பாமல் போனால் அப்பா இல்லை, அப்பா இனி வரவே மாட்டார் என்று அர்த்தம். இதைக் கேட்டபிறகு மரியா ஏன் அந்த வேலியில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று யாரும் விளக்க வேண்டாம். புதரிடம் வந்த ஆள் வீட்டுப் பக்கம் திரும்புகிறார். ஆனால் அவர் அப்பா இல்லை.

முதல் தடவை சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் இது ஓடிப்போய்விடுகிறது. நிறுத்தித் திரும்பப் பாருங்கள். வீட்டில்தானே பார்க்கிறீர்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

அச்சகத்தில் அம்மா ஏன் அப்படிப் பதறி ஓடுகிறாள்?

அவள் அங்கே பிழை திருத்துபவள். தார்க்கோவ்ஸ்கியின் அம்மா நிஜத்திலும் மாஸ்கோவில் ஒரு பெரிய அச்சகத்தில் அந்த வேலைதான் பார்த்தார். ஒரு முக்கியமான பதிப்பில் தப்பான சொல் ஒன்றை விட்டுவிட்டோமோ என்று மரியாவுக்குச் சந்தேகம் வருகிறது. மழையில் நனைந்துகொண்டு தெருவிலும், பிறகு நீண்ட தாழ்வாரங்களிலும் ஓடுகிறாள். இயந்திரங்களின் இரைச்சல். சக ஊழியர்கள் ஒவ்வொருவர் முகத்திலும் கிலி. ஏற்கெனவே அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தாளைப் புரட்டிப் பார்க்கிறாள். தப்பு இல்லை. திரும்பி நடந்து வந்து லிஸாவின் காதில் அந்தச் சொல்லைக் கிசுகிசுக்கிறாள். லிஸா வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

என்ன சொல் என்று நமக்குக் கேட்காது, கடைசிவரை தெரியவும் தெரியாது. காலம் ஸ்டாலின் காலம். ஒரு எழுத்து மாறினால் ஆள் காணாமல் போகக்கூடிய நாட்கள். அந்தச் சொல் ஸ்டாலின் பெயரைக் கெடுப்பதாக இருக்கும் என்று ரஷ்யர்கள் பலர் ஊகிப்பார்கள். ஊகிக்க விட்டதுதான் சரி. பயம் ஒரு சொல்லாகக் கேட்டுவிட்டால் நாமும் லிஸாவைப் போலச் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

உடனே லிஸா அவள்மேல் பாய்வது பலருக்குப் புரிவதில்லை. நீ லெப்யாட்கினின் தங்கை மரியா திமோஃபேயெவ்னா மாதிரி, மற்றவர்களை வேலை ஏவிக்கொண்டே இருப்பாய், உன் புருஷன் ஓடியதில் ஆச்சரியமில்லை என்கிற தொனியில் பொரிகிறாள். லெப்யாட்கின் தஸ்தயேவ்ஸ்கி நாவல் ஒன்றில் வரும் கேப்டன். பயந்தவள் மரியா, ஆனால் பயம் தெளிந்ததும் வெடிப்பது லிஸா. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை தெரிந்திருக்கும். அப்புறம் மரியா குளிக்கப் போகிறாள், குழாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது.

நடுநடுவே வரும் போர்க் காட்சிகளுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குழந்தைகளைப் பிரித்து அனுப்புவது, சோவியத்தின் பிரம்மாண்ட பலூன், அணுகுண்டு, மாவோவின் சிவப்புப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கும் கூட்டம், சோவியத்–சீன எல்லையில் 1969-இல் நடந்த மோதல் என்று நிஜச் செய்திப்படத் துண்டுகள் வருகின்றன. ஸ்பெயின் பகுதி எனக்கு இன்றும் சற்று ஒட்டாமல்தான் இருக்கிறது. ஃப்ளாட்டில் ஸ்பானிய அகதிகள் சிலர் பேசிக்கொண்டிருப்பதை வைத்து அங்கே தாவுகிறார், பாலம் மெலிதாக இருக்கிறது.

ஆனால் கிரிமியாவின் ஸிவாஷ் ஏரிக் காட்சி அப்படியில்லை. 1943-இல் சோவியத் சிப்பாய்கள் முழங்கால் ஆழச் சேற்றில், வெள்ளை வானத்துக்குக் கீழே, பீரங்கிகளை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். வீரமும் இல்லை, எதிரியும் தெரியவில்லை, நடை மட்டும்தான். மீட்டர் மீட்டராகப் பழைய பிலிம்களைத் தேடிப் பார்த்து இதைக் கண்டெடுத்த தார்க்கோவ்ஸ்கி, இதை எடுத்த ராணுவ ஒளிப்பதிவாளர் அன்றைக்கே கொல்லப்பட்டார் என்று பின்னர் அறிந்ததாக எழுதியிருக்கிறார்.

இது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இதற்குச் சற்று முன்பு பனியில் சிறுவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி நடக்கிறது. லெனின்கிராட் முற்றுகையில் பெற்றோரை இழந்த அஸாஃபியெவ் என்ற பையன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ஒரு கையெறி குண்டைப் பலகைமேல் விடுகிறான். பயிற்சியாளர் பிள்ளைகளைக் காப்பாற்ற அதன்மேல் பாய்ந்து படுக்கிறார். அது பயிற்சிக்கு வைத்த போலிக் குண்டு. அந்த நேரத்தில் அவர் தலையில் போர்க்காயம் தெரிகிறது, மூடியிருக்கும் இடத்துக்குக் கீழே ஏதோ துடிக்கிறது. இந்தப் பிள்ளைகள் கிண்டலடித்த மனிதர் எங்கிருந்து வந்தவர் என்பதற்கு ஸிவாஷ் பதில். அஸாஃபியெவ் அழுதுகொண்டே பனிமேட்டில் ஏறுகிறான், ஒரு குருவி வந்து அவன் தலையில் உட்காருகிறது.

இக்னாத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு மறைந்துபோகும் அந்தப் பெண் யார்? பேயா?

யாரென்று படம் சொல்வதில்லை. இக்னாத் தனியாக இருக்கிறான். அறைக்குள் ஒரு பெண் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொல்கிறாள். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1836-இல் சாதாயெவ் என்ற சிந்தனையாளருக்கு எழுதிய கடிதம் அது, ரஷ்யாவின் வரலாற்றைப் பற்றியது. மணி அடிக்கிறது, இக்னாத் கதவைத் திறக்கிறான், வயதான ஒரு அம்மா நிற்கிறார். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று போய்விடுகிறார். பாட்டிக்குப் பேரனை அடையாளம் தெரியவில்லை, பேரனுக்கும் பாட்டியைத் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் தேநீர் குடித்த பெண் இல்லை. கோப்பை வைத்த இடத்தில் மேசைமேல் ஆவி படிந்த ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது. கேமரா அதையே பார்க்கிறது. ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி அது காய்ந்துபோகிறது.

கனவாக இருந்தால் ஆவி படியாது, நிஜமாக இருந்தால் ஆள் காணாமல் போக முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடாமல் அந்த ஈரவட்டம் தடுக்கிறது. பெண் எதைக் குறிக்கிறாள் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, கதவில் நின்றது பாட்டி என்று கண்டுபிடிப்பதில் பலன் அதிகம்.

அம்மா அந்தரத்தில் மிதப்பது என்ன குறியீடு?

தார்க்கோவ்ஸ்கியிடம் குறியீடு என்று பேச்செடுத்தாலே எரிச்சல்படுவார். தன் படங்களில் குறியீடு தேடாதீர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். நான் சொல்வது இவ்வளவுதான்: அந்தக் காட்சி எதற்குப் பிறகு வருகிறது என்று பாருங்கள். போர்க்காலம், வீட்டில் சாப்பாடு இல்லை. மரியா தன் காதணிகளை விற்க மகனை அழைத்துக்கொண்டு ஒரு டாக்டர் வீட்டுக்கு நெடுந்தூரம் நடந்து போகிறாள். வசதியான வீடு, மாசமாக இருக்கும் டாக்டரின் மனைவி. சேவலை அறுக்கத் தனக்குக் குமட்டுகிறது, நீயே அறுத்துக் கொடு என்கிறாள். மரியா அறுக்கிறாள். இறகுகள் பறக்கின்றன. அவள் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. அடுத்து மிதக்கும் காட்சி, பக்கத்தில் போய்விட்ட கணவன். அவ்வளவு அவமானப்பட்டவளுக்கு அந்த நொடியில் மனதில் என்ன வந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஒரு கிசுகிசு: அந்த டாக்டர் மனைவியாக நடித்தவர் லரிஸா, தார்க்கோவ்ஸ்கியின் இரண்டாவது மனைவி.

கவிதைகள் யாருடையவை?

இயக்குநரின் அப்பா அர்செனி தார்க்கோவ்ஸ்கியுடையவை, வாசிப்பதும் அவரே. நிஜ வாழ்க்கையில் குடும்பத்தை விட்டுப்போன மனிதர் அவர். டாக்டர் போனபிறகு வீட்டுக்குள் மரியா தனியாக இருக்கும் காட்சியில் அவருடைய காதல் கவிதை ஒலிக்கிறது. போய்விட்டவரின் குரலை, விடப்பட்டவளின் முகத்தின்மேல், அவர்கள் மகன் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இதைவிட அந்தரங்கமான காரியத்தை நான் சினிமாவில் அதிகம் பார்த்ததில்லை.

கவிதை வரும்போது சப்டைட்டில் வரிவரியாக ஓடும், கண் அதிலேயே இருந்துவிடும், காட்சி போய்விடும். இரண்டாம் தடவை அந்த இடங்களில் சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள். ரஷ்யன் தெரியாவிட்டாலும் குரல் தெரியும்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

படத்தில் மொத்தம் இருநூறு ஷாட் அளவில்தான் இருக்கிறது. இந்த நீளமுள்ள படத்துக்கு வழக்கமாக ஐநூறு வரும் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அதாவது ஒரு ஷாட் சராசரியாக அரை நிமிடம். ஷாட்டுகளை வெட்டி ஒட்டி அர்த்தம் உண்டாக்கும், முந்தைய தலைமுறை சோவியத் இயக்குநர் ஐஸன்ஸ்டைனின் பாணியில் அவருக்கு நம்பிக்கையில்லை. ஒரு ஷாட்டுக்குள்ளேயே காலம் ஓடுவது தெரியவேண்டும், அந்த ஓட்டத்தின் வேகம் பார்த்து ஷாட்டுகளைச் சேர்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் சும்மா சேர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். படத்தொகுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட வரிசைகளில் அடுக்கிப் பார்த்தும் படம் நிற்கவே இல்லையாம். கடைசியில் ஒரு வரிசையில் நின்றது.

மெதுவான ஷாட்டில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் நமக்கு அலுக்கிறது. பின்னணியைப் பாருங்கள். தீப்பிடிக்கும் காட்சியில் எல்லோரும் ஓடியபிறகு ஆளில்லாத அறையில் மேசையிலிருந்து ஒரு பாட்டில் தானாக உருண்டு விழுகிறது. கேமரா கண்ணாடி வழியாகப் பின்வாங்கி வாசலுக்கு வருகிறது, கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க அதற்குப் பின்னால் கொட்டகை எரிகிறது. ஒளிப்பதிவு கியோர்கி ரெர்பெர்க். அதுவரை தார்க்கோவ்ஸ்கியோடு வேலை செய்த வதீம் யூஸோவ் இந்தப் படத்துக்கு வர மறுத்துவிட்டார்.

எவ்வளவு சொந்த வாழ்க்கை, எவ்வளவு கற்பனை?

சொந்தம் அதிகம். சிறுவயதில் இருந்த வீடு இடிந்துபோயிருந்தது. பழைய புகைப்படங்களை வைத்து அதே அடித்தளத்தின்மேல் திரும்பக் கட்டினார்கள். கட்டி முடித்து அம்மாவை அழைத்துப்போய்க் காட்டியபோது அவர் முகத்தில் தெரிந்தது தான் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று எழுதியிருக்கிறார்.

வயல் கதை இன்னும் நன்றாக இருக்கும். வீட்டுக்கு முன்னால் பக்வீட் என்ற தானியப் பயிர் பனிபோல் வெள்ளையாகப் பூத்துக்கிடந்ததாக அவருக்கு ஞாபகம். போய்ப் பார்த்தால் கூட்டுப்பண்ணைக்காரர்கள் பல வருடங்களாக அங்கே தீவனப் பயிரும் ஓட்ஸும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்வீட் இந்த மண்ணில் வராது என்றார்கள். இவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பொறுப்பில் விதைத்தார். நன்றாக வந்தது, பூத்தது. ஞாபகம் சரியா தப்பா என்று சோதிக்க ஒரு வயலையே பயிரிட்ட ஆள் எடுத்த படம் இது என்று தெரிந்தால், காற்று வரும் அந்த ஷாட்டை அவசரமாகத் தாண்ட மனம் வராது.

கடைசிக் காட்சியில் கிழவி அம்மா எப்படிச் சின்னக் குழந்தைகளோடு நடந்துபோகிறார்?

இயக்குநர் வெவ்வேறு காலங்களை ஒரே வயலில் இறக்கிவிடுகிறார். புல்லில் படுத்திருக்கும் இளம் கணவன் மனைவியிடம், ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்று கேட்கிறான். பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அவள் சிரிப்பும் அழுகையுமாகத் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே அவளே கிழவியாகி, அந்தப் பிறக்காத பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருக்கிறாள். தூரத்தில் இன்னொரு பக்கம் இளம் மரியா நிற்கிறாள். பாஹ்கின் இசை. என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே அவள் பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று எனக்குப் படுகிறது. வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து சோவியத் ரசிகர்களுக்காவது புரிந்ததா?

அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. திரைப்படத் துறைத் தலைவர் யெர்மாஷ் முகம் சுளித்தார். இரண்டாம் தரம் என்று வகைப்படுத்தி, குறைந்த பிரதிகளோடு வெளியிட்டார்கள். ரசிகர்களின் கடிதங்களைத் தார்க்கோவ்ஸ்கி தன் சினிமா நூலின் தொடக்கத்தில் கொடுத்திருக்கிறார். லெனின்கிராடைச் சேர்ந்த பெண் பொறியாளர் ஒருவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன், ஆனால் அரை மணியிலேயே கடும் தலைவலி வந்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். கோர்க்கி நகரப் பெண் ஒருவரோ நன்றி சொல்லிவிட்டு, என் சிறுவயதும் இப்படித்தான், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தார். பெரிய விமர்சகர்களைவிட அந்த இரண்டாவது பெண் படத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

நேராக இதில் குதிக்காமல் எதில் தொடங்கலாம்?

அவருடைய முதல் முழுநீளப் படம் 'இவான்ஸ் சைல்ட்ஹுட்' (1962). வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. கனவும் போரும் அதிலும் உண்டு, ஆனால் பாதை தெளிவாக இருக்கும். பக்கத்திலேயே வேண்டுமென்றால் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' (1981). மலையாளம் என்பதால் நமக்குப் பாதி சப்டைட்டில் தேவைப்படாது. ஒரு வீடும் நாலு பேரும்தான், சொல்லாமல் விட்டதை நாமே நிரப்பிக்கொள்ளவேண்டும்.

இதற்குப் பிறகு என்றால் தியோ ஆஞ்சலோபூலோஸின் 'தி ட்ராவலிங் பிளேயர்ஸ்'. அதுவும் 1975. ஒரே ஷாட் நகர்ந்துகொண்டிருக்கும்போதே வருடம் மாறிவிடும். ஷான்தால் ஆகெர்மனின் 'ழான் தீல்மன்' மூன்றே கால் மணி நேரத்தைத் தாண்டும், ஒரு பெண் வீட்டுவேலை செய்வதுதான் கதை. பேலா தாரின் 'ஸாத்தான்டாங்கோ' (1994) ஏழு மணி நேரத்துக்கும் மேல், அதை லீவு போட்டுத்தான் பார்க்கவேண்டும். டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே வந்திருக்கும். 2022-இல் பேலா தாருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்ததும் அந்த விழாதான்.

அலன் ரெனேயின் 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்' (1961) படத்தை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே துண்டுகள் சேரவே சேராது, சேரக்கூடாது என்றே எடுத்தது. இங்கே சேரும்.

எல்லாம் படித்தும் பிடிக்கவில்லை என்றால்?

விட்டுவிடுங்கள். தார்க்கோவ்ஸ்கியின் மற்ற படங்கள் பிடித்து இது பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் குழந்தைகளோடு பார்க்கலாமா?

சேவல் அறுக்கும் இடம் பிள்ளைகளைப் பாதிக்கலாம். அறுப்பதைக் காட்டமாட்டார்கள், ஆனால் சத்தமும் முகமும் போதும். அணுகுண்டு, போர்க் காட்சிகளும் உண்டு. மற்றபடி சின்னப் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும், அவ்வளவுதான். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தால் விரட்டவேண்டாம். அப்பா யார், பாட்டி யார் என்பதைப் பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள்.